அலறினால் அயல் கூடும் ஊரில் ஒரு ஸ்லாஷர் படம்

முதல் இரவு எடுத்த முதல் அலறலுக்குத் திரைக்கதையில் நாங்கள் ஒதுக்கியிருந்த நேரம் 6 விநாடி. நாயகியாக நடித்த பிள்ளை அலறி முடித்து, நான் ‘கட்’ சொல்லி, ஒலிப்பதிவில் இருந்த நண்பன் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றுவதற்கிடையில் படலை திறக்கும் சத்தம் கேட்டது. முதலில் வந்தவர் பக்கத்து வளவு ஐயா. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியை ஈட்டிபோல நீட்டிப் பிடித்தபடி வந்தார். அவருக்குப் பின்னால் ரோர்ச் வெளிச்சங்கள் ஒன்று, இரண்டு, ஐந்து என்று ஒழுங்கையிலிருந்து வரத் தொடங்கின. மூன்று நிமிடம் முடிவதற்குள் முற்றத்தில் பதினொரு பேர் நின்றார்கள். “ஆர் பிள்ளை கத்தினது? என்ன நடந்தது?” என்று ஐயா கேட்க, சட்டை முழுவதும் சிவப்புப் பாகு வழிய நின்ற பிள்ளை “ஒண்டுமில்லை மாமா, நடிப்பு” என்றாள். வந்தவர்களில் ஒரு பெண்மணி அவளைக் கண்டதும் அவளைவிடப் பெரிதாக அலறினார். அந்த இரண்டாவது அலறல் முதலாவதைவிடத் திறமாக இருந்தது. ஒலிப்பதிவுக் கருவியை அதற்குள் நிறுத்திவிட்டிருந்தோம்.

ஊடகக் கற்கையின் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக, யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு பழைய வீட்டில் ஐந்து இரவுகள் நாங்கள் எடுத்த ஒன்பது நிமிடக் குறும்படத்தைப் பற்றிய பதிவு இது. எட்டுப் பேர் வேலை செய்தோம். இரவல் வாங்கிய ஒரு கனன் 700டி கமரா, ஒரு 50 மில்லிமீற்றர் லென்ஸ், ஒரு எல்ஈடி பலகை, இரண்டு ரோர்ச், சாப்பாடும் பெற்றோலும் சேர்த்து முப்பதாயிரம் ரூபாவுக்குள் செலவு. ஸ்லாஷர் என்பது பேய்ப்படம் அல்ல. ஒதுக்குப்புறமான ஓர் இடத்தில் இளவயதினர் சிலர் கூடியிருக்க, முகம் தெரியாத ஒருவன் அவர்களைக் கூரிய ஆயுதத்தால் ஒவ்வொருவராகக் கொல்வதும், கடைசியில் ஒரு பெண் மட்டும் எஞ்சி அவனை எதிர்கொள்வதும்தான் அதன் எலும்புக்கூடு. 1960 இல் வந்த ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’ அதற்கு வித்திட்டது என்பார்கள். 1978 இல் ஜோன் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ அதற்கு இலக்கணம் வகுத்துக் கொடுத்தது. 1996 இல் வந்த ‘ஸ்கிறீம்’ படத்தில் பாத்திரங்களே அந்த இலக்கண விதிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு செத்தார்கள். இந்த வகையை நாங்கள் தெரிவுசெய்ததற்குக் காரணம் உயர்ந்ததொன்றும் அல்ல. ஒரு வீடு, ஒரு இரவு, நான்கு நடிகர்கள் இருந்தால் போதும் என்று நம்பினோம். ‘ஹாலோவீன்’ படத்தின் புகழ்பெற்ற முகமூடியே கடையில் வாங்கிய ஒரு மலிவு இறப்பர் முகத்துக்கு வெள்ளைச் சாயம் அடித்ததுதான் என்பதை வாசித்தபோது, எங்களாலும் முடியும் என்ற துணிவு வந்தது.

வீடு கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆளில்லாத வீட்டுக்குப் பஞ்சமில்லை. உரித்துக்காரர் இலண்டனிலோ கனடாவிலோ இருக்க, திறப்பு உறவுக்காரர் ஒருவரின் கையில் இருக்கும். எங்களுக்குத் திறப்புத் தந்த அன்ரி அடுத்த ஒழுங்கையில் இருப்பவர். நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீடு, ஒரு பக்கத்துத் தூண்களில் சன்னம் பட்ட காயங்களைச் சீமெந்தால் அடைத்திருந்தார்கள். கிணற்றடியில் துலா இல்லை. அது நின்ற ஆடுகால் மட்டும் நின்றது. கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் கடிதம் கொடுத்தோம். ஆனால் அயலுக்குச் சொல்ல மறந்துவிட்டோம். 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் வந்து தாக்குகிறார்கள் என்ற ‘கிறீஸ் பூதம்’ பீதியில் நாடே கலங்கியதும், நாவாந்துறை உட்பட யாழ்ப்பாணத்திலும் மக்கள் இரவிரவாகத் தெருவுக்கு வந்ததும் எங்களுக்குச் சின்ன வயதுச் செய்தி. அந்த ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு அது போன கிழமை நடந்ததுபோல.

அந்தப் பதினொரு பேரும் திரும்பிப் போன பிறகு, திரைக்கதையில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. ‘ஹாலோவீன்’ படத்தில் நாயகி பக்கத்து வீட்டுக் கதவை அடித்து உதவி கேட்கிறாள். உள்ளே வெளிச்சம் போடுகிறார்கள்; எட்டிப் பார்க்கிறார்கள்; பிறகு வெளிச்சத்தை அணைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு காட்சி அமெரிக்கப் புறநகர் வாழ்க்கையைப் பற்றி நிறையச் சொல்கிறது. எங்கள் படத்தில் அதே காட்சியை வைத்தால் உரும்பிராய் பார்வையாளர் ஒருவரும் நம்பமாட்டார், ஏனென்றால் உண்மையில் நடப்பது கொக்கத்தடி. (கதவு திறவாத இரவுகளும் இங்கே இருந்தன என்று ஐயா பிற்பாடு சொன்னார். அவை வேறு காலத்து இரவுகள்.) ஒருவரும் வராமலிருப்பதற்கு நம்பத்தகுந்த காரணம் வேண்டும். காட்டுக்குள் ஒரு பங்களா என்று மாற்றிப் பார்த்தோம். யாழ்ப்பாணத்தில் எங்கே காடு? கடைசியில் விடையைத் தந்தது கோயில் திருவிழா. ஊர் முழுவதும் கோயில் வீதியில் நிற்கிறது. ஒலிபெருக்கியில் நாதசுரமும் தவிலும் உச்சத்தில் போகின்றன. அலறல் அதற்குள் கரைந்துபோகிறது. ஊர் அலட்சியமாக இருப்பதனால் அல்ல, ஊர் ஒன்றாகக் கூடியிருப்பதனாலேயே அந்தப் பிள்ளை தனித்துப்போகிறாள் என்பது, நாங்கள் இரவல் வாங்கிய விதிக்குள் எங்களுடையது என்று சொல்லக்கூடிய முதல் மாற்றமாக அமைந்தது.

அதை ஒலியில் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. முதலில் கோயில் வாசலிலேயே நின்று பதிவுசெய்து, தொகுக்கும்போது சத்தத்தைக் குறைத்துப் போட்டோம். அது தூரத்துக் கோயில்போல ஒலிக்கவில்லை; பக்கத்து அறையில் றேடியோ பாடுவதுபோல ஒலித்தது. தூரம் என்பது சத்தம் குறைவது மட்டுமல்ல. காற்றிலும் மரங்களிலும் மதில்களிலும் பட்டு உயர் அதிர்வெண்கள் முதலில் தேய்ந்துபோக, எதிரொலிகள் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கின்றன. மறுநாள் இரவு சுமார் அரைக் கிலோமீற்றர் தள்ளி, ஒரு வாழைத்தோட்டத்து வரம்பில் கருவியை வைத்துவிட்டு நாற்பது நிமிடம் நுளம்புக்கு இரத்ததானம் செய்தோம். காற்றுத் திரும்பும்போது தவில் கிட்ட வருவதும் பிறகு விலகுவதுமாக இருந்த அந்தப் பதிவில் நாங்கள் கைவைக்கவே இல்லை; அலறல்களைத்தான் அதன் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப இடம்மாற்றினோம்.

இனி இரத்தம். ‘சைக்கோ’ கறுப்பு வெள்ளைப் படம் ஆகையால் ஹிட்ச்கொக் சொக்லேற் பாகையே இரத்தமாக ஓடவிட்டார். எங்களுக்கு நிறம் வேண்டும். சீனிப் பாகில் சிவப்பு உணவுச்சாயம் கலந்தபோது அது பலூடாக் கடையின் சிரப்போல இளஞ்சிவப்பாக மின்னியது. கொக்கோத் தூள் சேர்த்தால் கட்டிபட்டது. மூன்றாவது முயற்சியாக, சீனியைப் பாதியாகக் குறைத்துப் பனங்கட்டியைக் கரைத்துக் காய்ச்சி, கம்பிப்பதம் வருவதற்குச் சற்று முன்னர் இறக்கி, ஆறிய பின் சிவப்புச் சாயமும் ஊசிமுனையளவு நீலமும் விட்டோம். பனங்கட்டியின் மண்ணிறம் உள்ளிருந்து வர, உறையத் தொடங்கிய இரத்தத்தின் நிறம் அப்படியே வந்தது. வாசம் மட்டும் பாயாசத்தின் வாசம். அதன் விளைவை முதலாவது பிணம் அனுபவித்தது. விறாந்தையில் அரை மணித்தியாலம் அசையாமல் கிடக்கவேண்டிய நண்பனைச் சிற்றெறும்புகள் வரிசைகட்டி வந்து மொய்த்தன; மிக அருமையாக அமைந்த ஒரு நீண்ட காட்சியின் நடுவில் பிணம் தன் கழுத்தைச் சொறிந்தது. அதன் பிறகு பாகில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்தோம், அது துணியிலிருந்து கறை போவதற்கும் உதவியது. சட்டகத்துக்கு வெளியே பிணத்தைச் சுற்றி மஞ்சள் தூளால் ஒரு கோடும் போட்டோம். அதைப் பார்த்த ஒருவர் செய்வினை செய்கிறீர்களோ என்று கேட்டார்.

கத்திக்கு வீட்டுக் குசினிக் கத்தி ஒன்றையே கிட்டத்துக் காட்சிகளுக்குப் பயன்படுத்தினோம். ஓடும், குத்தும் காட்சிகளுக்குப் பழைய இறப்பர்ச் செருப்பின் அடியை அதே வடிவத்தில் வெட்டி, வெள்ளிச் சாயம் அடித்து, அதே மாதிரியான பிடியில் பொருத்தினோம். றெஜிபோமில் செய்தது முதல் குத்திலேயே முறிந்தது. வாள்வெட்டுச் செய்தி வாராவாரம் பத்திரிகையில் வரும் ஊரில், இரவில் மோட்டார் சைக்கிளில் உண்மையான கத்தியைக் கொண்டு திரிந்து சோதனையில் அகப்பட்டால் ‘படப்பிடிப்பு’ என்ற விளக்கம் எடுபடாது என்பதால், செருப்புக் கத்தி மட்டும் எங்களுடன் பயணித்தது. குசினிக் கத்தி குசினியை விட்டுப் போகவில்லை. குத்தும் ஓசைக்கு ‘சைக்கோ’ குழுவினர் ஒருவகை முலாம்பழத்தைக் குத்தினார்கள் என்று வாசித்திருந்தோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வெள்ளரிப்பழம், பப்பாசி, வாழைத்தண்டு மூன்றும் வாங்கிவந்து மெத்தைகளால் சுவர்களை மூடிய அறையில் குத்திப் பார்த்தோம். கத்தி இறங்குவதற்கு வெள்ளரிப்பழமும் அதை இழுத்தெடுப்பதற்கு வாழைத்தண்டும் பொருந்தின. பப்பாசியைச் சாப்பிட்டோம்.

முதல் இரவுக் காட்சிகள் எல்லாவற்றிலும் சுவரில் கருமையான பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்ந்தன. கமரா அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டு விநாடிக்கு 30 சட்டங்களும், ஒவ்வொரு சட்டமும் ஒளியை வாங்கும் நேரம் (ஷட்டர்) 1/60 விநாடியும் ஆக இருந்தது. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன; 1/60 அந்தத் துடிப்புடன் பொருந்தவில்லை. 25 சட்டங்களுக்கும் 1/50 க்கும் மாற்றியதும் பட்டைகள் போயின. ஓர் இரவு வேலை வீணாயிற்று.

கொலைகாரனின் கண்ணால் பார்க்கும் காட்சி இந்த வகையின் கையெழுத்து. ‘ஹாலோவீன்’ தொடங்குவதே அப்படி ஒரு நீண்ட காட்சியுடன்தான். எங்களிடம் கமராவை அதிராமல் நகர்த்தும் கருவி எதுவும் இல்லை. முக்காலியின் கால்களை மடக்கி, பாரம் சமப்படும் இடத்தில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, முழங்காலைச் சற்று மடித்து நடந்தால் ஓரளவுக்கு மிதப்பதுபோல வரும் என்பதைப் பழகினோம். கிடுகு வேலியின் கீறல்களுக்கூடாக முற்றத்தில் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்து நகரும் அந்த நாற்பது விநாடிக் காட்சியை எடுத்து முடித்துத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது ஒரு சங்கடம் தோன்றியது. வேலிக்கூடாகப் பார்ப்பவன் கொலைகாரன் என்று இங்கே யாரும் எண்ணமாட்டார்கள். எங்கள் ஊரில் வேலிக்கூடாகப் பார்ப்பது அயலட்டை; யார் வந்தது, யார் போனது, எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது என்பதைக் கணக்கெடுக்கும் அந்தப் பார்வையைத்தான் எங்கள் நாயகி பாத்திரமும் கதை முழுவதும் அஞ்சுகிறது. ஆகவே அதே காட்சியை இரண்டு தடவை வைத்தோம். முதல் தடவை பார்ப்பது உண்மையிலேயே அயல்வீட்டுப் பெண்மணி. இரண்டாவது தடவை அவர் கோயிலில் நிற்கிறார் என்பது பார்வையாளருக்குத் தெரியும்.

முகமூடி விடயத்தில்தான் நாங்கள் முற்றிலும் பிழைவிட்டோம். உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களில் நிற்கும் வெருளியைப் பார்த்து, கொலைகாரனுக்கு வெருளியின் தலையைக் கொடுப்பது என்று தீர்மானித்திருந்தோம்: ஒரு சணல் சாக்கு, கண்ணுக்கு இரண்டு துளை, கழுத்தில் ஒரு கயிறு. வேற்றூர்ப் படங்களில் இல்லாத, மண்ணின் மணம் உள்ள முகமூடி என்று பெருமைப்பட்டோம். (அதுவும் சரியல்ல; 1981 இல் வந்த ‘ஃப்ரைடே த தேர்ட்டீன்த்’ இரண்டாம் பாகத்தின் கொலைகாரனும் தலையில் சாக்குத்தான் அணிந்திருந்தான்; புகழ்பெற்ற ஹொக்கி முகமூடி அடுத்த பாகத்தில்தான் வந்தது.) மூன்றாம் இரவு, நண்பன் சாக்கை மாட்டிக்கொண்டு விறாந்தைக் கதிரையில் தன் முறைக்காகக் காத்திருந்தான். தேநீர்ப் போத்தலும் வடையும் கொண்டு படலையால் வந்த அன்ரி, அவனைக் கண்ட இடத்தில் அப்படியே நின்றார். அலறவில்லை. போத்தலைக் குந்தில் மெதுவாக வைத்தார். அதன் மூடி மட்டும் உருண்டு முற்றத்தில் விழுந்தது. பிறகு, மிகச் சாதாரணமான குரலில், “உதைக் கழட்டு தம்பி” என்றார்.

நண்பன் கழற்றினான். அவர் அவனுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் அமர்ந்தார். “சுற்றிவளைப்பிலை எங்களை வரிசையிலை விட்டிட்டு, உப்பிடித்தான் ஒருத்தனைக் கொண்டந்து இருத்துவாங்கள். அவன் தலையை ஆட்டினால் சரி, அந்தப் பெடியன் போயிட்டான்.” அவ்வளவுதான் சொன்னார். போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் முகத்தை மறைத்துக்கொண்டு இராணுவத்துக்கு ஆட்களைக் காட்டிக்கொடுத்தவனைத் தலையாட்டி என்பார்கள். அந்தச் சொல் எங்களுக்குத் தெரியும்; ஆசிரியருக்கு ஆமாம் போடுபவனைப் பகிடி பண்ணப் பயன்படுத்துவோம். சாக்குக்குள்ளே ஒரு மனிதன் இருந்து தலையசைத்ததும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் விளங்கிக்கொண்டோம். ‘ஹாலோவீன்’ முகமூடி வெறுமையானது. அதற்குப் பின்னால் மனிதன் என்று ஒருவன் இருக்கிறானா என்ற ஐயமே அதன் பயங்கரம். அன்ரி கண்ட சாக்குக்குப் பின்னால் கட்டாயம் ஒருவன் இருந்தான். அவன் ஊரைத் தெரிந்தவன், பெயர்களைத் தெரிந்தவன், ஒருவேளை பக்கத்து ஒழுங்கைக்காரன்.

அன்றிரவு படப்பிடிப்பு நடக்கவில்லை, வாக்குவாதம் நடந்தது. ஒளிப்பதிவு செய்தவன், இதுதான் உண்மையான படம், இதை விட்டுவிட்டு வேறெதை எடுக்கப்போகிறோம் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் கதை பரீட்சைக்குப் படிக்கும் நான்கு பிள்ளைகளைப் பற்றியது. அந்தச் சாக்கை ஒரு திடுக்கிடலுக்காக மட்டும் உள்ளே கொண்டுவந்து, எட்டாவது நிமிடத்தில் கிணற்றடியில் அடித்து வீழ்த்தி, முடிவுப் பெயர்களை ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. சாக்கை எடுத்துவிட்டேன். அவன் இன்றும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தனியாக ஒரு திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

முகமூடி போனதும் கொலைகாரனுக்கு வேறோர் அடையாளம் தேவைப்பட்டது. கார்ப்பென்டர் தாமே அமைத்த ஐந்து அட்சரத் தாளத்துப் பியானோ இசை கேட்டதும் கொலைகாரன் அருகில் நிற்கிறான் என்பது விளங்கிவிடும். அதுபோல எங்களுக்கும் ஒன்று. சைக்கிளை மிதிக்காமல் உருட்டும்போது எழும் கிறிக் கிறிக் என்ற சத்தத்தைத் தெரிவுசெய்தோம். யாழ்ப்பாணத்து இரவில் அதைவிட அப்பாவியான சத்தம் வேறில்லை. ஆனால் நாங்கள் கொண்டுவந்த சைக்கிள் சத்தமே போடவில்லை; அதன் பிறீ வீலுக்குள் பழைய கிறீஸ் களிபோல இறுகிக் கிடந்து பற்களின் தட்டலை விழுங்கிக்கொண்டிருந்தது. பின்சில்லைக் கழற்றி, பிறீ வீலை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்து மூன்று தடவை கழுவினோம். கறுப்பாக வந்த எண்ணெய் மூன்றாம் தடவை தேநீர் நிறத்துக்கு வந்தது. சில்லைத் திரும்ப மாட்டிச் சுழற்றியபோது ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக விழுந்து ஒலித்தது. சில்லு ஓய்ந்துவரும் கடைசி இருபது விநாடியில் தட்டல்களுக்கு இடையிலான வெளி நீண்டுகொண்டே போகும். கடைசித் தட்டலுக்குப் பின் வரும் அமைதியில்தான் எங்கள் கொலைகாரன் இறங்கி நிற்கிறான். அவனை முழங்கைக்கு மேலே ஓரிடத்திலும் காட்டவில்லை.

முன்னோட்டமாகப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவன் ஏன் கொல்கிறான்? ‘ஹாலோவீன்’ வந்த அதே 1978 இல் தமிழில் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. 1980 இல் மட்டக்களப்பு மண்ணில் பிறந்த பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ வந்தது. இரண்டிலும் கொலைகாரனின் சிறுவயதுக் காயம் காரணமாகக் காட்டப்படுகிறது. காரணம் சொல்லாமல் கொலைகாரனை விடுவது தமிழ்ப் பார்வையாளருக்குக் கணக்கை முடிக்காமல் எழுந்துபோவதுபோல இருக்கிறது. நாங்களும் நான்கு பக்கத்தில் ஒரு பின்கதை எழுதி, அதில் பாதியை எடுத்தும் இருந்தோம். தொகுக்கும் மேசையில் அதை வெட்டியதும் படம் மூச்சுவிட்டது. காரணம் தெரிந்தவுடன் அந்தச் சைக்கிள் ஒரு குறிப்பிட்ட ஆளின் சைக்கிளாகிவிடுகிறது. தெரியாதவரை அது எந்தச் சைக்கிளாகவும் இருக்கலாம்.

எஞ்சும் பெண்ணைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கரல் குளோவர் 1987 இல் எழுதிய கட்டுரையில் ‘இறுதிப் பெண்’ என்று பெயரிட்டார். கவனமானவள், ஒழுக்கமானவள், மற்றவர்கள் கூத்தடிக்கும்போது விழித்திருப்பவள். அந்த விதியை வாசித்த எங்கள் நாயகி, “இது எங்கட அம்மா சொல்லுறதுதானே, இருட்டினால் வெளியில் போகாதே எண்டு” என்றாள். அந்த அறிவுரைக்கு நாங்களும் ஒரு படம் எடுத்துக்கொடுக்கவேண்டுமா என்று யோசித்து, சொல்வழி கேட்டு வீட்டுக்குள் இருந்த பிள்ளையை முதலில் சாகவிட்டு, திருவிழாவுக்குக் களவாக ஓடிப்போனவளைத் தப்பவிட்டோம். இதைச் சொன்ன பிள்ளையின் அம்மா ஐந்து இரவும் தளத்தில் இருந்தார். அவர் இல்லாமல் அவளை இரவில் விடமாட்டார்கள். பெரியவர்கள் இல்லாத இரவு என்பது இந்த வகையின் அடிப்படை விதி. எங்கள் படத்தின் ஆறாவது நிமிடத்தில், நாயகி தன்னந்தனியாக நிற்கும் காட்சியில், யன்னல் கண்ணாடியை உற்றுப் பார்த்தால் அம்மா விசுக்கோத்துத் தின்றுகொண்டிருப்பது தெரியும். வேறு எடுப்பு இல்லாததால் அந்த மூலையை இருட்டாக்கினோம். முழுதாக மறையவில்லை.

படத்தை அந்த முற்றத்திலேயே வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டிப் போட்டுக் காட்டினோம். அயல் முழுவதும் வந்தது. அலறல் வந்த இடத்தில் எல்லோரும் திரும்பி ஐயாவைப் பார்த்துச் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சைக்கிள் சத்தம் ஓய்ந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்ரி கடைசிவரை இருந்து பார்த்தார். அவர் சொன்னது விறாந்தைத் தரையைப் பற்றி மட்டுமே. உணவுச்சாயம் மெழுகுப்பூச்சு இல்லாத சீமெந்துக்குள் இறங்கிவிட்டிருக்கிறது. சவர்க்காரத் தூளும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தோம். சிவப்பு இளஞ்சிவப்பாகியது, போகவில்லை. வீட்டுக்காரர் ஆடியில் இலண்டனிலிருந்து வருகிறார்கள். இப்போதைக்கு அன்ரி அதன் மேல் ஒரு பன்பாயை விரித்துவைத்திருக்கிறார். வருகிற ஞாயிறு பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசி ஓரிரவு விட்டுப் பார்க்கப்போகிறோம்.